கடிக்கிற சேணம்

புதுச் செருப்பு கடிக்கும் என்று நம் வயதுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விளக்கெண்ணெய் தடவி ராத்திரி ஓரமாக வைப்போம். மறுநாள் கொஞ்ச தூரம் நடப்போம். கொப்புளம் வந்தால் கையில் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு வீடு வந்துவிடுவோம். குதிரைக்கு அந்த வசதி கிடையாது. புதுச் சேணம் கடித்தால் அதனால் கழற்றி எறிய முடியாது.

சென்னையில் குதிரைப்படைக் காவலராகச் சேர்ந்தபோது எனக்கு முதலில் கற்றுக்கொடுத்தது சவாரி அல்ல, தோல் துடைக்கிற வேலை. மெரினாவில் ரோந்து போய் வந்தால் உப்புக்காற்றும் குதிரை வேர்வையும் சேர்ந்து வாரையெல்லாம் அட்டை மாதிரி ஆக்கிவிடும். அன்றன்றைக்குத் துடைத்தே ஆக வேண்டும்.

ஓய்வுக்குப் பிறகு ஜமுனாமரத்தூர்ப் பக்கம் வந்துவிட்டேன். தெரிந்த பையன் ஒருவன், சுற்றுலா வருகிறவர்களை ஏற்றிச் சம்பாதிக்கலாம் என்று ஒரு மட்டக்குதிரையும் புதுச் சேணமும் வாங்கி வந்தான். கான்பூர் சரக்கு. நல்ல தோல்தான், ஆனால் பலகை போல விறைப்பு. கோடை விழாவுக்கு மூன்று வாரம்தான் இருந்தது. "தேங்காயெண்ணெயில ஊறப் போட்டுடட்டுமா பெரியப்பா?" என்றான்.

கூடாது என்றேன். சேணத்துத் தோல் மரப்பட்டை, காய் இவற்றின் துவர்ப்பில் பதப்படுத்தியது. நம் மலையில் பொறுக்கும் கடுக்காய் கீழே வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் போனதும் இந்த வேலைக்குத்தானே. கடுக்காயைக் கடித்தால் நாக்கை இழுத்துப் பிடிக்கிறதல்லவா, அதே துவர்ப்புதான் தோலின் நாரை இறுகக் கட்டுகிறது. குரோமில் பதப்படுத்திய தோல் முதல் நாளே மெத்தென்றிருக்கும். இது அப்படியல்ல. இந்த இறுக்கம்தான் ஆள் எடையைத் தாங்குகிறது. எண்ணெயில் ஊறவைத்தால் வார் நீளும், தையல் தளரும். வயிற்றுப்பட்டையை மாட்டுகிற வார் ஓட்டத்தில் அறுந்தால் மேலே இருப்பவன் கதி என்ன? தவிர, தேங்காயெண்ணெய் மார்கழியில் இங்கே கட்டியாக உறைந்துவிடும்.

ஈரத்துணியில் சேண சோப்புப் போட்டுத் துடைத்து, லேசான ஈரம் இருக்கும்போதே சொரசொரப்பான உள்பக்கத்தில் மெல்லிசாக எண்ணெய் தடவ வேண்டும். மாட்டுக்கால் எலும்பில் எடுக்கிற நீட்ஸ்ஃபுட் எண்ணெய் உத்தமம். ஒரு ராத்திரி விட்டு, போதவில்லையென்றால் இன்னொரு கை. வெயிலில் மட்டும் காயவைக்கக் கூடாது. லகானை உள்ளங்கையில் உருட்டி உருட்டி மடக்க வேண்டும். சேணத்தை ஒரு மரக்கட்டை மேல் போட்டு, தினமும் ஒரு மணி நேரம் அதில் உட்காரச் சொன்னேன். செல்போன் பார்க்கிற நேரம்தானே!

பிறகுதான் குதிரை. முதல் நாள் கால் மணி நேரம், அதற்கு மேல் இல்லை. சேணத்தை இறக்கியதும் முதுகைப் பார்க்க வேண்டும். முதுகு முழுக்க ஒரே சீராக வேர்த்திருந்தால் நல்லது. சுற்றிலும் ஈரமாக இருந்து நடுவில் ஒரு திட்டு மட்டும் காய்ந்திருந்தால் அங்கே அழுத்துகிறது என்று அர்த்தம். அப்படியே விட்டால் வீங்கும், புண்ணாகும். புண் ஆறினாலும் அந்த இடத்தில் பெரும்பாலும் வெள்ளை மயிர்தான் முளைக்கும். பழைய வண்டிக் குதிரைகளின் முதுகில் பார்த்திருப்பீர்கள்.

அந்தக் காய்ந்த திட்டு பையனின் குதிரைக்கும் இருந்தது. கழுத்தும் முதுகும் சேரும் மேட்டுக்கு இடப்பக்கம், எலுமிச்சம்பழ அளவு. தொட்டால் குதிரை தோலைச் சிலிர்த்தது. விழாவுக்கு இன்னும் நான்கு நாள். "ஆளை ஏத்தாதே" என்றேன். வாங்கிய கடனுக்கு வட்டி யார் கட்டுவது என்று கேட்டான். நியாயமான கேள்விதான், என்னிடம் பதில் இல்லை. விழா முழுக்கக் குதிரை கொட்டகையில்தான் நின்றது. பையன் பத்து நாள் என்னோடு பேசவில்லை.

இப்போது சனி, ஞாயிறில் சவாரி ஓடுகிறது. சேணம் பழகிவிட்டது, முதுகில் ஒரு தழும்பு இல்லை. போன வாரம் அவனே வந்து, அங்கவடி வார் ஒன்று நீண்டுவிட்டது என்றான். எல்லோரும் இடப்பக்கமே கால் வைத்து ஏறுவதால் அந்த வார்தான் அதிகம் இழுபடும். இரண்டையும் அவ்வப்போது இடம் மாற்றிப் போடச் சொல்லியிருக்கிறேன். மழைக்காலம் வருகிறது, பூஞ்சணத்துக்கு அடுத்து வருவான்.