காற்றாடிமலை வரை

நாகர்கோவிலிலிருந்து காற்றாடிமலைக்குப் போக ஆரல்வாய்மொழி பஸ்ஸில் ஏறினால் அரை மணி நேரம்தான். நான் எதிர்த்திசையில் தக்கலைப் பக்கம் கிளம்பினேன். புனித தேவசகாயத்தை அவர் சுடப்பட்ட இடத்தில் மட்டும் போய்ப் பார்த்தால் பாதி ஆள்தான் கிடைப்பார்.

புலியூர்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை. உள்ளே கூரையில்லாத சிற்றாலயத்தில் டச்சுப் படையில் இருந்த டிலனாயின் கல்லறை. 1741-ல் குளச்சல் போரில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரிடம் தோற்றுப் பிடிபட்டு, பிறகு அவருடைய படைக்கே பயிற்சி கொடுத்தவர். அரண்மனை அலுவலர் நீலகண்டர் அடுத்தடுத்து நஷ்டம் வந்து மனம் ஒடிந்திருந்தபோது, டிலனாய் அவருக்குச் சொன்னது யோபுவின் கதை. அற்புதங்களைச் சொல்லியிருக்கலாம், மோட்சத்தைச் சொல்லியிருக்கலாம். எல்லாம் போன பிறகும் கடவுளோடு வழக்காடிக்கொண்டே அவரை விடாமல் பிடித்திருந்த ஒருவரையல்லவா அறிமுகம் செய்துவைத்தார்!

1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம். நீலகண்டர் தேவசகாயம் ஆனார். எல்லாச் சாதியாரோடும் ஒன்றாகப் பழகியதை மேல்சாதியார் பொறுக்கவில்லை. 1749-ல் கைது. (2022 மே 15 அன்று ரோமில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது பெயரில் 'பிள்ளை' என்ற சாதிப் பட்டம் இல்லை. நல்லதாகப் போயிற்று.)

கோட்டைக்குப் பக்கத்தில்தான் முட்டிடிச்சான் பாறை. தாகத்தில் தவித்தவர் முழங்கையால் இடிக்க, தண்ணீர் சுரந்தது என்பது ஊர் நம்பிக்கை. அந்தச் சின்னக் குழியிலிருந்து ஒரு பெண் மூடியால் மொண்டு மொண்டு பாட்டிலில் ஊற்றிக்கொண்டிருந்தார். பாட்டில் நிறையவே இல்லை. அவருக்கு அவசரமும் இல்லை.

எருமைமேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனது, பிரம்படி, காயத்தில் மிளகாய்ப்பொடி என்று பிரசங்கத்தில் கேட்டுக் கேட்டு நமக்கு மனப்பாடம். பெருவிளையைப் பற்றி அதிகம் பேசமாட்டார்கள். அங்கே சங்கிலியால் மரத்தில் கட்டிப் பல மாதம் வைத்திருந்தார்கள். சும்மா வெயில், மழை, இரவு, மறுபடி வெயில். அடிபடும்போது கடவுளைக் கூப்பிட்டுவிடலாம். ஒன்றுமே நடக்காத மத்தியானத்தில் கூப்பிடுவதுதான் கஷ்டம். என் செபத்தில் பல நாள் ருசியே இருப்பதில்லை. வாய் செபமாலை சொல்லும், மனசு கரண்ட் பில்லில் நிற்கும். அதனாலோ என்னவோ, அந்த மரத்தடிக் கைதிதான் எனக்குச் சொந்தக்காரராகத் தெரிகிறார். தரிசனம் எதுவும் கிடைக்காத நாளிலும் விடாமல் பேசிப் பேசியே அவர் கடவுளிடம் நெருங்கியிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

ஆரல்வாய்மொழியில் இறங்கியதும் கணவாய்க் காற்று ஆளைத் தள்ளியது. சுற்றிலும் காற்றாலைகள். 1752 ஜனவரி 14 அன்று இந்தக் காற்றாடிமலையில்தான் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். தட்டினால் மணிபோல ஒலிக்கும் பாறை ஒன்று இங்கே உண்டு. ஒரு பாட்டி கல்லை என் கையில் கொடுத்து, "தட்டிப் பாரு மக்களே" என்றார். 'ணங்' என்றது.

மாதம் தவறாமல் வருகிறாராம். என்ன வேண்டுதல் என்று கேட்டேன்.

"முட்டு வலிதான். கொறயல்ல, கூடத்தான் செய்யுது."

"அப்புறமும் மலை ஏறி வாறீங்களே, பாட்டி?"

"வராம? அவருக்கும் பேச ஆள் வேண்டாமா?" சொல்லிவிட்டு அதே முட்டைப் பாறையில் ஊன்றி மண்டியிட்டார்.

எலும்புகள் அடக்கம் செய்யப்பட்ட கோட்டாறு சவேரியார் பேராலயத்துக்குச் சாயங்கால பஸ் பிடித்தேன். செபமாலையை எடுத்தேன். இரண்டாவது பத்தில் நடத்துனர் டிக்கெட் கேட்டார், எண்ணிக்கை விட்டுப்போயிற்று. சில்லறையை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, முதல் மணியிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன்.