ஒலி மட்டும் மிஞ்சிய கதைகள்

'டொக்டர் ஹூ' என்ற அறிவியல் புனைகதை ரிவித் தொடரில் 'மார்க்கோ போலோ' என்றொரு கதை. ஏழு பகுதிகள். பிபிசி அதை 1964 பெப்ரவரி முதல் ஏப்ரல் வரை ஒளிபரப்பியது. மறு ஆண்டு கனடாவின் சிபிசி இந்தத் தொடரின் முதல் 26 பகுதிகளைக் காட்டியபோது அந்த ஏழும் அதற்குள் வந்தன. அப்படியென்றால் ரொறன்ரோவில் எத்தனையோ வீடுகளில் பிள்ளைகள் அதைப் பார்த்திருப்பார்கள். இன்றைக்கு அதில் ஒரு பகுதியைக்கூட எவராலும் பார்க்க முடியாது. நாடாக்களை பிபிசியே அழித்தது. வெளிநாடுகளுக்கு விற்ற பிலிம் பிரதிகளும் போய்விட்டன. ஒலி மட்டும் இருக்கிறது.

அந்த ஒலியைத்தான் இந்தப் பனிக்காலத்தில் ரொறன்ரோவின் மல்வேர்னில் அம்மாவின் வீட்டில் இருந்து கேட்டோம். சனிக்கிழமை பின்னேரங்களில் பழைய கதைகளை முதலில் இருந்து வரிசையாகப் பார்த்துக்கொண்டு வருகிறோம். அழிந்த பகுதி வந்தால் திரையில் படம் அசையாது. நிழற்படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மாறும், பின்னால் குரல்கள் போகும். ஜோன் கியூரா என்ற புகைப்படக்காரர் ஒளிபரப்பு நேரத்தில் ரிவித் திரைக்கு முன்னால் கமெராவை வைத்து எடுத்த படங்கள் அவை. "உங்களுக்கு அலுப்பாக இருக்கா அம்மா, வேறை போடட்டே?" என்று கேட்டேன். "றேடியோ நாடகம் கேட்டு வளர்ந்த ஆக்களுக்குப் படம் என்னத்துக்கு? நீ விடு, அது போகட்டும்" என்றார்.

அம்மாவுக்கு ஆங்கிலம் அரைவாசிதான் விளங்கும். ஆனால் குரலை வைத்து ஆளை எடைபோடுவதில் அவருக்கு நிகர் இல்லை. மார்க்கோ போலோவின் கூட்டத்தில் ஒருவன் துரோகி என்று அவன் பேசிய இரண்டாவது வசனத்திலேயே சொல்லிவிட்டார்.

அந்தக் கதையின் ஏழு பகுதிகளில் ஆறை இயக்கியவர் வாரிஸ் ஹுசைன். இலக்னோவில் பிறந்தவர், எழுத்தாளர் அத்தியா ஹொசைனின் மகன். 1963 நவம்பர் 23ஆம் தேதி, கென்னடி சுடப்பட்ட மறுநாள், தொடரின் முதற்பகுதி ஒளிபரப்பானதே, அந்த முதற்கதையை இயக்கியவரும் அவர்தான். அப்போது அவருக்கு வயது 24. தயாரிப்பாளர் வெரிற்றி லம்பேர்ட் என்ற இளம் பெண். வெள்ளைக்கார ஆண்கள் நிறைந்த பிபிசிக் கட்டடத்தில் ஒரு இந்திய இளைஞரும் ஒரு பெண்ணும் சேர்ந்து கட்டி எழுப்பிய தொடர் இது. ஹுசைன் இயக்கிய முதற்கதை தப்பியது. நல்ல கதை என்று பார்த்தவர்கள் எல்லாரும் சொல்லும் மார்க்கோ போலோ தப்பவில்லை.

ஏன் அழித்தார்கள்? வீடியோ நாடா அப்போது விலை கூடிய பொருள். அழித்துவிட்டு அதிலேயே வேறொன்றைப் பதியலாம். நடிகர் சங்கத்தோடு இருந்த ஒப்பந்தப்படி மறு ஒளிபரப்புக்கும் கட்டுப்பாடு. கறுப்பு வெள்ளைக்கு இனி மதிப்பில்லை என்ற எண்ணம் வேறு. வீட்டில் இருந்து விரும்பிய நேரம் பழைய நிகழ்ச்சியைப் போட்டுப் பார்க்கும் காலம் வரும் என்று அவர்கள் நினைக்கவேயில்லை. 1967 தொடங்கி ஒரு பத்தாண்டுக்கு மேலாக இது நடந்தது. முதல் ஆறு ஆண்டுகளில் எடுத்த 253 பகுதிகளில் 90க்கு மேல் இல்லாமல் போனது அப்படித்தான். கெட்ட எண்ணம் கொண்டு எவரும் செய்யவில்லை. இடம் போதாது, காசு போதாது, இது ஆருக்கு வேணும் என்ற கணக்கு. அந்தக் கணக்குத்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

காப்பாற்றியவர்கள் பிபிசிக்கு வெளியே இருந்தவர்கள். அறுபதுகளில் இங்கிலாந்தில் சில பதின்ம வயதுப் பையன்கள் சனிக்கிழமை தோறும் ரிவியின் ஒலிபெருக்கிக்கு முன்னால் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள். கொஞ்சம் விண்ணர்கள் ரிவியின் பின்பக்கத்தைக் கழற்றிக் கம்பியை நேரே இணைத்தார்கள். படம் பதிய அவர்களிடம் வழி இல்லை. ஒலியையாவது வைத்திருப்போம், பிறகு கேட்கலாம் என்ற ஆசை. அந்த ஆசையால்தான் அழிந்துபோன பகுதிகள் ஒவ்வொன்றினதும் ஒலி, ஒன்றும் விடாமல், இன்று முழுமையாக இருக்கிறது. பெரிய நிறுவனம் தொலைத்ததைப் பிள்ளைகள் காத்தார்கள்.

நாங்கள் கனடாவுக்கு வந்தது 1985இல். அம்மாவும் அக்காவும் நானும். முதலில் இருந்தது செயின்ற் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடியில். அந்தக் காலத்தில் வந்து இறங்கிய எங்கடை ஆக்கள் கனபேருக்கு அதுதான் முதல் வாசல். எங்களிடம் இருந்த பழைய ரிவியில் கேபிள் இல்லை. அன்ரெனாவைத் திருப்பினால் வருவது சில சனல்கள், அதில் ஒன்று ரிவிஓ, ஒன்ராறியோ அரசின் கல்வி ஒளிபரப்பு. 1976இலிருந்தே 'டொக்டர் ஹூ' அதில் போய்க்கொண்டிருந்தது, பிபிசியை விடச் சில ஆண்டுகள் பின்னால். டொக்டர் வேடத்தில் நான் கண்ட முதல் நடிகர் பீற்றர் டேவிசன். வெள்ளைக் கிரிக்கெட் உடுப்பு. கோட்டின் மடிப்பில் ஒரு செலரித் தண்டு. கனடாவில் கிரிக்கெட் உடுப்போடு ஒரு மனிதனைக் கண்ட சந்தோசத்தை இப்போது எழுதி விளங்கப்படுத்த முடியாது. அந்த ஆள் சொந்தக் கிரகத்தை விட்டு ஓடி வந்தவர், எந்த நேரமும் பயணத்தில் இருப்பவர் என்பது விளங்கியதும் அவர் எங்கள் ஆளாகிவிட்டார்.

கல்வி ஒளிபரப்பு என்பதால் ரிவிஓ ஆரம்ப காலத்தில் கதையை மட்டும் காட்டிவிட்டுப் போகவில்லை. எதிர்காலவியல் பேராசிரியர் ஜிம் டேற்றர் கதையோடு சேர்த்து அதன் பொருளைப் பேசினார். 1978இலிருந்து சில ஆண்டுகள் ஜூடித் மெரில் வந்தார். அமெரிக்காவில் பேர்பெற்ற அறிவியல் புனைகதை எழுத்தாளர், தொகுப்பாசிரியர். 1968இல் ரொறன்ரோவுக்குக் குடிபெயர்ந்தவர். தன் புத்தகங்கள் எல்லாவற்றையும் ரொறன்ரோ பொது நூலகத்துக்குக் கொடுத்தார். கொலேஜ் வீதியில், வாசலில் கிறிபின் சிலைகள் நிற்கும் லில்லியன் எச். ஸ்மித் நூலகத்தில் இன்று 'மெரில் தொகுப்பு' என்று இருப்பது அந்தக் கொடையில் இருந்து வளர்ந்ததுதான். வந்து குடியேறிய ஒருத்தி ஊருக்குக் கொடுத்தது. அவர் ரிவியில் பேசிய காலத்தில் நாங்கள் இங்கே இல்லை. ஆனால் பல்கலைக்கழகம் போன காலத்தில் அந்த நூலக மேசையில் இருந்து நான் வாசித்த நேரம் அதிகம்.

டொக்டரே ரொறன்ரோக்காரர் என்று சொன்னாலும் பிழையில்லை. தொடரை உருவாக்கியவர்களில் முதன்மையான சிட்னி நியூமன் 1917இல் இங்கே பிறந்தவர், ரஷ்யாவில் இருந்து வந்த யூதக் குடும்பத்துப் பிள்ளை. சிபிசியில் நாடகப் பொறுப்பில் இருந்துவிட்டு இலண்டன் போனார். பூச்சிக்கண் பூதம் எதுவும் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மீறி வந்த டலெக் என்ற பூதங்கள்தான் தொடருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தன. நியூமனும் மெரிலும் ஒரே ஆண்டில், 1997இல், இதே நகரத்தில் காலமானார்கள்.

நாங்கள் மல்வேர்னுக்கு மாறிய நேரம் இங்கே தமிழ்க் கடைகள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். நீல்சன் வீதிப் பக்கம் வீடுகள் வரிசையாக எழும்பிக்கொண்டிருந்தன. எனக்கு மல்வேர்னை விட, மல்வேர்னுக்கு வரும் வழிதான் விருப்பம். கெனடி நிலையத்தில் சப்வேயை விட்டு ஏறினால் ஸ்காபரோ ஆர்ரி. 1985 மார்ச்சில் ஓடத் தொடங்கிய அந்த வண்டி, தண்டவாளங்களுக்கு நடுவே கிடக்கும் உலோகத் தகட்டை மின்காந்தத்தால் பற்றி ஓடும். சாரதி இல்லாமலே ஓடக்கூடியதாக வடிவமைத்தது. ஜன்னலுக்கு வெளியே ரேமண்ட் மொரியாமா வடிவமைத்த ஸ்காபரோ நகர மண்டபம், 1973இல் திறந்தது, வெள்ளையாகப் படிப்படியாக எழும்பி வேற்றுக்கிரகத்து அரச சபைபோல நிற்கும். மொரியாமா சின்ன வயதில், போர்க்காலத்தில், ஜப்பானிய வம்சம் என்பதற்காகத் தடுப்பு முகாமில் அடைபட்டவர் என்று பிறகு அறிந்தபோது அந்தக் கட்டடத்தின் மேல் எனக்கு இருந்த மதிப்பு இன்னும் கூடிற்று.

அந்த ஆர்ரியை மல்வேர்ன் வரை நீட்டுவோம் என்று எத்தனை திட்டம் போட்டார்கள்! மக்கோவன் நிலையத்துக்கு அப்பால் அது வரவேயில்லை. 2023 ஜூலை 24ஆம் தேதி ஒரு பெட்டி தடம்புரண்டதோடு முழுவதையும் மூடினார்கள். எதிர்காலம் என்று சொல்லித் தந்த ஒன்று எங்கள் வாசலுக்கு வராமலே பழங்காலமாகிவிட்டது. இன்றும் மல்வேர்ன் சனத்துக்கு பஸ்தான்.

மல்வேர்னைப் பற்றி இன்னொன்று. 'த கிரீன் டெத்' என்ற 1973ஆம் ஆண்டு 'டொக்டர் ஹூ' கதையில் ஆலைக் கழிவு நிலத்துக்கு அடியில் ஊறி ஊரைக் கெடுக்கும். முன்பொருமுறை அதை மறுபடி பார்க்கும்போது மக்ளூர் கிரெசென்ற் நினைவு வந்தது. மல்வேர்னில் அந்தத் தெரு மண்ணில் ரேடியம் கலந்திருப்பது 1980இல் தெரிய வந்தது. வீட்டுக்காரர் ஆண்டுக்கணக்காகப் போராடி, மண் அள்ளப்பட்டது 1995இல். கதையில் டொக்டர் ஆறு வாரத்தில் முடித்துவிடுவார்.

அப்பா எங்களோடு கனடாவுக்கு வரவில்லை. யாழ்ப்பாணத்தில், கரவெட்டியில் நின்றுவிட்டார். "அடுத்த வருசம் கட்டாயம் வாறன்" என்று கசெற்றில் பேசி அனுப்புவார். கொழும்பால் வாற ஆக்களிடம் கைமாறி வரும். கிணறு இறைத்தது, ஆட்டுக்குட்டி போட்டது, ஷெல் எங்கே விழுந்தது எல்லாம் ஒரே தொனியில் சொல்லுவார். கேட்டு முடிய அம்மா பதில் பேசி அனுப்புவார். அப்படியே ஒரு பெட்டி கசெற் சேர்ந்தது. கசெற்றுக்கும் காசு வேணுமே. அப்பா இருக்கிறார், இன்னும் பேசி அனுப்புவார் என்ற நம்பிக்கையில் வீட்டில் எல்லாரும் அந்த நாடாக்களுக்கு மேலேயே வானொலிப் பாட்டுப் பதிந்தோம். அவர் போனபிறகு தேடினால், ஒரு கசெற்றின் இரண்டாம் பக்கத்துக் கடைசியில், பாட்டு முடிந்த பிறகு, சில நிமிடம் அவர் குரல். அவ்வளவும்தான். பிபிசி செய்ததை நாங்களும் செய்திருக்கிறோம், அதே கணக்கில்.

அதே பெட்டியில் கே.எஸ். பாலச்சந்திரனின் 'அண்ணை றைட்' இருந்தது. பஸ் கொண்டக்டராக ஒற்றை ஆள் பேசி முழு பஸ்ஸையும் கண்முன் கொண்டுவந்த அந்தத் தனிநடிப்பைக் கேட்டு வளராத யாழ்ப்பாணத்து வீடு குறைவு. சில்லையூர் செல்வராசனின் வானொலித் தொடர் 'தணியாத தாகம்' நடிகர்களிலும் பாலச்சந்திரன் ஒருவர். கடைசிக்காலத்தில் ரொறன்ரோவில் வாழ்ந்து 2014இல் மறைந்தார். இலங்கை வானொலியின் தமிழ் நாடகங்களில் கேட்கக் கிடைப்பவை கொஞ்சம்தான். கிடைப்பவற்றிலும் பல, ஆரோ ஒருவர் வீட்டில் றேடியோவுக்குப் பக்கத்தில் கசெற் றெக்கோடரை வைத்துப் பதிந்து காத்தவை. இங்கிலாந்துப் பையன்கள் செய்த அதே வேலை.

போன மாதம் 'பூமியில் டலெக் படையெடுப்பு' கடைசிப் பகுதிக்கு வந்தோம். 1964 டிசம்பர் 26இல் போனது, நல்லகாலம் தப்பியது. டொக்டர் தன் பேத்தி சூசனை பூமியில் விட்டுவிட்டுக் கதவைப் பூட்டுகிறார். ஒருநாள் திரும்பி வருவேன் என்று சொல்லிவிட்டுப் போகிறார். அம்மா என்னைப் பார்த்துக் கேட்டார்: "பேந்து வந்தவரே?"

வந்தார் என்றுதான் சொல்லவேண்டும். 1983இல் வந்த 'ஐந்து டொக்டர்கள்' சிறப்புக் கதையில் சூசனும் அவரும் சந்திக்கிறார்கள். ஆனால் வாக்குக் கொடுத்த டொக்டராக நடித்த வில்லியம் ஹார்ட்னெல் 1975இலேயே இறந்துபோனார். அவருடைய பாத்திரத்தில் ரிச்சர்ட் ஹேர்ண்டல் என்ற வேறொரு நடிகர் வந்தார். இதை அம்மாவுக்குச் சொன்னேன். "வேறை ஆளோ? அப்ப அவர் வரேல்லை" என்றார். கனநேரம் அதைப் பற்றியே கதைத்துக்கொண்டிருந்தார், அப்பாவின் பேரை ஒருமுறையும் எடுக்காமல்.

எல்லாம் போய்விட்டது என்று சொல்லவும் ஏலாது. அழிந்தது என்று எண்ணிய 'சைபர்மென்களின் கல்லறை' தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஹொங்கொங்கில் கிடைத்தது. 2013இல் நைஜீரியாவில் ஒரு ஒளிபரப்பு நிலையத்து அறையில் இருந்து ஒன்பது பகுதிகள் ஒரே தடவையில் வெளியே வந்தன. வர்ண நாடா அழிந்துபோன சில கதைகளின் நிறமும் கனடாவில் இருந்த பிரதிகளில் இருந்தே மீண்டது. எங்கேயோ ஒருவர் எறியாமல் விட்டதால் வந்த பலன்.

மல்வேர்னில், மார்க்கத்தில், அஜாக்ஸில் எத்தனை வீட்டு நிலவறையில் எங்கள் கசெற்றுகள் கிடக்கின்றன என்று நினைத்துப் பாருங்கள். சாமத்தியவீட்டு வீடியோ, கோயில் திருவிழா, எண்பதுகளின் மேடை நாடகம், ஊரில் இருந்து பேசி அனுப்பிய குரல். நாடாவுக்கு வயது போகிறது. அதில் ஒட்டியிருக்கும் காந்தப் பூச்சு உரிந்தால் பிறகு ஒன்றும் செய்ய ஏலாது. போட்டுக் கேட்கும் இயந்திரமும் அருகி வருகிறது. ரொறன்ரோ பொது நூலகத்தின் டிஜிற்றல் மையங்கள் சிலவற்றில் பழைய நாடாவைக் கணினிக் கோப்பாக மாற்றும் கருவிகள் உண்டு; காசில்லை, முன்பதிவு செய்தால் போதும். ஈழத்தமிழ் ஆவணங்களைச் சேர்த்து இணையத்தில் வைக்கும் நூலகம் நிறுவனம் 2005இலிருந்து வேலை செய்கிறது. ஊருக்குப் பொதுவானது என்று நீங்கள் நினைப்பதன் பிரதியை அவர்களுக்குக் கொடுங்கள். ஒவ்வொரு கசெற்றிலும் இருப்பது ஆருடைய குரல், எந்த ஊர், எந்த ஆண்டு என்று வீட்டில் உள்ள மூத்தவரிடம் கேட்டு எழுதி ஒட்டுங்கள். அதைச் சொல்லக்கூடியவர்கள் இப்போது இருக்கிறார்கள். அந்தக் கசெற்றுகளுக்கு மேல் எதையும் பதியாதீர்கள்.