பச்சைக்கரை வேட்டியும் மறுவீட்டுச் சொதியும்

மார்ச் 17-ஆம் தேதி வந்தால் சிகாகோவிலிருந்து மகள் வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்புவாள். பச்சை விரிப்பு போட்ட சாப்பாட்டு மேசை, அதைச் சுற்றிப் பச்சைச் சட்டை போட்ட கூட்டம். இந்த வருடமும் வந்தது. அந்த மேசையில் நான் முதன்முதலாக உட்கார்ந்த கதையை இங்கே இதுவரை எழுதவில்லை. வெட்கம்தான் காரணம். எழுபத்தைந்து வயதுக்கு மேல் என்ன வெட்கம்? எழுதிவிடுகிறேன்.

2011-ல் மகள் அங்கே கூட வேலை பார்த்த ஒரு பையனைக் கல்யாணம் செய்துகொண்டாள். பூட்டி காலத்தில் அயர்லாந்திலிருந்து வந்து குடியேறிய கத்தோலிக்கக் குடும்பம். நாங்கள் திருநெல்வேலிச் சைவக் குடும்பம். போனில் அவள் விஷயத்தைச் சொன்னதும், "உன்னைத் தலைமுழுகியாச்சு" என்று சொல்லி வைத்துவிட்டேன். கல்யாணத்துக்கு நாங்கள் யாரும் போகவில்லை. பேத்தி பிறந்தபோது மனைவி மட்டும் போய் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்தாள். எனக்கு பேங்கில் லீவு கிடைக்கவில்லை என்று ஊரில் சொல்லிக்கொண்டேன். நான் ரிட்டயராகி நாலு வருடம் ஆகியிருந்தது ஊருக்கே தெரியும்.

ஒருநாள் வீடியோ காலில் பேத்தி கேட்டாள்: "தாத்தா, உங்க ஊர்ல ஏரோப்ளேன் இல்லையா?" அதற்கு என்னிடம் பதில் இல்லை. 2019 பிப்ரவரியில் கிளம்பினேன்.

போய் ஒரு மாதத்தில் இந்தப் பண்டிகை வந்தது. செயின்ட் பேட்ரிக் டே. பதினாறு வயதில் கடத்தப்பட்டு அயர்லாந்தில் ஆறு வருடம் அடிமையாக ஆடு மேய்த்து, தப்பி ஓடி, பிறகு அதே ஊருக்குப் பாதிரியாராகத் திரும்பி வந்தவராம் பேட்ரிக். 16-ஆம் தேதி சனிக்கிழமை மாப்பிள்ளை எங்களை ஆற்றங்கரைக்குக் கூட்டிப் போனார். படகிலிருந்து ஆரஞ்சு நிறப் பொடியைத் தூவுகிறார்கள். தண்ணீரில் பட்டதும் ஆறே பச்சையாகிவிடுகிறது. சாக்கடை எங்கே ஆற்றில் கலக்கிறது என்று கண்டுபிடிக்கப் பிளம்பர்கள் போட்ட சாயத்திலிருந்து பிறந்த யோசனை. 1962 முதல் நடக்கிறது. தாமிரபரணியில் இப்படிச் செய்தால் நம்மைச் சும்மா விடுவார்களா என்று மனைவியிடம் கேட்டேன்.

மறுநாள் ஞாயிறு, வீட்டில் பார்ட்டி. பார்ட்டி என்றதும் நான் பெரிதாக நினைத்துவிட்டேன். அப்படி ஒன்றுமில்லை. வீட்டு மனுஷர்கள் ஒன்பது பேர். சம்பந்தி, சம்பந்தியம்மா, மாப்பிள்ளையின் தங்கை, அவள் புருஷன், பிறகு நாங்கள். வருகிறவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் கொண்டு வருவார்கள். நம் பக்கத்தில் எந்த ஊரில் பிழைத்தாலும் பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலில் வந்து கூடுவோமே, அந்த மாதிரி. அந்த வருடம் நாலு நாள் தள்ளித்தான் பங்குனி உத்திரம்.

காலையிலேயே வேலை ஆரம்பித்தது. பேத்தி பச்சைக் காகிதத்தில் மூன்று இலை வைத்த ஷாம்ராக் வெட்டிக் கதவெல்லாம் ஒட்டினாள். மாப்பிள்ளை சோடா பிரெட் செய்தார். மாவு, மோர், சோடா உப்பு, உப்பு, அவ்வளவுதான்; ஈஸ்ட் கிடையாது. உருண்டையாகப் பிசைந்து மேலே சிலுவை மாதிரி கீறி அடுப்பில் வைத்தார். மகள் உருளைக்கிழங்கை மசித்து, வதக்கிய முட்டைக்கோஸும் வெண்ணெயும் சேர்த்துக் கோல்கானன் என்று ஒன்று செய்தாள். கடுகு தாளித்தால் நம்ம வீட்டுப் பண்டம்தான்.

மனைவி தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தாள். என்ன என்று கேட்டேன்.

"கல்யாணத்துக்கு மறுநாள் பொண்ணு வீட்டுல சம்பந்திக்குச் சொதி வைக்கணும்லா? எட்டு வருஷமாச்சு. இன்னைக்கு வச்சிருதேன். நீங்க ஒண்ணும் சொல்லக்கூடாது."

நான் ஒன்றும் சொல்லவில்லை. இஞ்சியைத் தோல் சீவிக் கொடுத்தேன்.

பச்சை உடுத்தாதவர்களைக் கிள்ளுவது அமெரிக்காவில் ஒரு வழக்கம். பேத்தி இரண்டு முறை கிள்ளிவிட்டாள். பெட்டியைக் குடைந்ததில் ஒரு பச்சைக்கரை வேட்டி அகப்பட்டது. அதைக் கட்டிக்கொண்டு, மேலே ஸ்வெட்டரோடு, வாசலில் நின்று சம்பந்தியை வரவேற்றேன். எட்டு வருடம் முன்னால் கல்யாண மண்டப வாசலில் நின்றிருக்க வேண்டியவன். அவர் என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "வேட்டியில் கூடப் பச்சை!" என்று சிரித்தார். வேறு எதையும் கேட்கவில்லை.

அவர்கள் கார்ன்டு பீஃப் கொண்டு வந்திருந்தார்கள். நாங்கள் சைவம் என்று, சொல்லாமலே அதைத் தனி மேசையில் மூடி வைத்தார் சம்பந்தியம்மா. "அயர்லாந்தில் இது பன்றி இறைச்சிதான். இங்கே வந்தவர்கள் யூதக் கடைகளில் கிடைத்த மாட்டிறைச்சிக்கு மாறிக்கொண்டார்கள்" என்றார்.

என்ன பேசுவது என்று தெரியாமல், நான் கால்டுவெல்லை எடுத்தேன். பெற்றோர் ஸ்காட்லாந்துக்காரர்கள், ஆனால் அவர் 1814-ல் பிறந்தது அயர்லாந்தின் ஆன்ட்ரிம் மாவட்டத்தில். எங்கள் மாவட்டத்து இடையன்குடியில் வாழ்ந்து, திராவிட மொழிகளுக்கு ஒப்பிலக்கணம் எழுதி, அங்கேயே அடக்கமானார் என்றேன். சம்பந்தி ஆச்சரியமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு அவர் பாட்டியின் கதையைச் சொன்னார்.

1845-ல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்து பஞ்சம் வந்தது. சில வருடங்களில் பத்து லட்சம் பேர் செத்துப்போனார்கள். பத்து லட்சத்துக்கும் மேல் கப்பலேறினார்கள். பஞ்சம் முடிந்தும் கப்பலேறுவது நிற்கவில்லை. பாட்டி பத்தொன்பது வயதில் மேயோ மாவட்டத்திலிருந்து கிளம்பினாராம். கிளம்புவதற்கு முந்தின இரவு ஊரே வீட்டில் கூடியது. அதற்கு 'அமெரிக்கன் வேக்' என்று பெயர். வேக் என்றால் இறந்தவர் உடலோடு ராத்திரி விழித்திருப்பது. போகிற பெண்ணை இனிப் பார்க்கப் போவதில்லை. அதனால் உயிரோடு இருக்கும்போதே துக்கம் கொண்டாடினார்கள். விடிய விடிய ஆட்டம், பாட்டு. விடிந்ததும் அழுகை.

"பாட்டியின் அப்பா அவளை மறுபடி பார்க்கவே இல்லை. அவர்களிடம் காசு இல்லை" என்று முடித்தார்.

அவர் என்னைக் குத்திக் காட்டவில்லை. அந்த மாதிரி மனிதர் இல்லை. ஆனால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அந்தத் தகப்பனுக்கு வழியில்லை. எனக்குப் பென்ஷன் இருந்தது, பாஸ்போர்ட் இருந்தது, ஊரில் ஏரோப்ளேனும் இருந்தது. உயிரோடு இருந்த பெண்ணை நானாகத் தலைமுழுகிவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

சாப்பாட்டுக்கு எல்லோரும் உட்கார்ந்தார்கள். சொதியைப் பார்த்துச் சம்பந்தியம்மா, "ஐரிஷ் ஸ்டூ மாதிரி இருக்கிறதே" என்றார். உருளைக்கிழங்கு, கேரட், வெள்ளையாய்ச் சாறு. பார்வைக்கு அப்படித்தான் இருந்தது. மகள், "இது எங்கள் ஊரில் கல்யாணத்துக்கு மறுநாள், பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டாருக்குப் போடும் சாப்பாடு" என்று இங்கிலீஷில் சொன்னாள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள்.

நான் எழுந்து மனைவி கையிலிருந்து கரண்டியை வாங்கினேன். சம்பந்திக்கு, சம்பந்தியம்மாவுக்கு, மாப்பிள்ளைக்கு என்று வரிசையாக நானே பரிமாறினேன். எல்லோரும் சோடா பிரெட்டைப் பிய்த்துச் சொதியில் தோய்த்துச் சாப்பிட்டார்கள். மாப்பிள்ளை, "மாமா, இன்னும் கொஞ்சம்" என்று தமிழில் கேட்டார். சம்பந்தி மூன்று தடவை வாங்கிக்கொண்டார். மகள் தட்டில் ஊற்றும்போது அவள் குனிந்தே இருந்தாள். தலையில் ஒரு நிமிஷம் கை வைத்துவிட்டு நகர்ந்தேன்.

ராத்திரி பாத்திரம் கழுவும்போது மனைவி சொன்னாள்: "மறுவீடு முடிஞ்சிட்டு."

இந்த வருடப் படத்தில் மேசை நடுவே பெரிய பாத்திரத்தில் சொதி இருக்கிறது. மாப்பிள்ளை செய்ததாம். தேங்காய்ப்பால் டின்னில் வாங்கியது என்று கேள்விப்பட்டு மனைவிக்குத்தான் வருத்தம். முதல் பால், இரண்டாம் பால் பிழிவது எப்படி என்று போனில் அரைமணி நேரம் அவருக்குப் பாடம் எடுத்தாள். நானும் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.