கடைசியில் வருவோனுக்கு ஒரு மின்னல்

கற்றோர் உலகம் விளையாட்டை நெடுங்காலமாகச் சிறுபிள்ளை வேளாண்மையாகவே நோக்கி வந்துள்ளது. அந்நோக்கு மாறுவதற்கு வழிவகுத்தோருள் இருவர் முதன்மையானவர்கள். ஒல்லாந்து வரலாற்றாசிரியரான ஜொகான் ஹுய்சிங்கா 1938 இல் வெளியிட்ட ‘ஹோமோ லூடென்ஸ்’ என்னும் நூலில், சட்டம், போர், கவிதை, வழிபாடு ஆகிய அனைத்திலும் விளையாட்டின் கூறு உறைந்துள்ளதென எடுத்துக்காட்டினார். இருபது ஆண்டுகளின் பின், 1958 இல், பிரெஞ்சு அறிஞர் ரொஜே கைய்வா விளையாட்டுகளை நால்வகைப்படுத்தினார். திறமையால் வெல்வது போட்டி. ஊழால் வெல்வது சூது. பிறராக மாறி மகிழ்வது வேடம். வேகத்திலும் சுழற்சியிலும் நிலைதடுமாறி மகிழ்வது மயக்கம். சதுரங்கம், பகடை, நாடகம், இராட்டினம் ஆகியவற்றை முறையே இவற்றுக்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

இந்நான்கனுள் முதலிரண்டும் ஒன்றுக்கொன்று நேர்மாறானவை போலத் தோன்றும். ஆயினும், இரண்டும் ஒரே தேவையை நிறைவுசெய்கின்றன என்பது கைய்வாவின் கருத்து. வாழ்க்கை மனிதருக்கு வழங்காத சமத்துவத்தை இரண்டும் செயற்கையாகப் படைக்கின்றன. போட்டியில் எல்லோரும் ஒரே கோட்டிலிருந்து புறப்படுகின்றனர். சூதில் எல்லோரும் ஊழின் முன் ஒரே நிலையில் நிற்கின்றனர். இவ்விரு சமத்துவங்களும் ஒரே களத்திற் சந்திக்குமாயின் எது நீதியெனக் கொள்ளப்படும் என்னும் வினா இவ்விடத்து எழுகின்றது. இவ்வினாவை ஆராய்வதற்குப் பெருநூல்களை மட்டுமே நாடவேண்டுமென்பதில்லை. கேலிச்சித்திரப் பாத்திரங்கள் சிறு வண்டிகளில் ஏறி ஒருவர்மீது ஒருவர் ஆமையோடுகளை எறிந்துகொண்டு ஓடும் ஒரு தொலைக்காட்சி விளையாட்டிலும் இவ்வினா முழு வடிவிற் காணப்படுகின்றது. ‘சுப்பர் மாரியோ கார்ட்’ என்பது அதன் பெயர்.

இதனை வெளியிட்ட நின்ரெண்டோ நிறுவனம் 1889 இல், யப்பானின் கியோத்தோ நகரில், புசஜிரோ யமவுச்சி என்பவரால் தொடங்கப்பட்டது. அக்காலத்தில் அந்நிறுவனம் ஆக்கியவை ‘ஹனபுடா’ எனப்படும் மலர்ச்சீட்டுகள். பன்னிரண்டு மாதங்களுக்கும் பன்னிரு மலர்களோ மரங்களோ குறியீடாக, நாற்பத்தெட்டுச் சீட்டுகள் கொண்டது ஒரு கட்டு. கையில் விழும் சீட்டு ஊழைச் சார்ந்தது. அதனை எப்போது இறக்குவது என்பது ஆடுவோனின் அறிவைச் சார்ந்தது. ஊழையும் திறமையையும் ஒரே மேசையிற் சேர்க்கும் இவ்விளையாட்டோடு தன் வாணிபத்தைத் தொடங்கிய நிறுவனமே, ஒரு நூற்றாண்டு கழிந்தபின், அவ்விரண்டையும் ஒரே பந்தயப் பாதையிலும் சேர்த்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

1990 ஆம் ஆண்டு நவம்பரில், வீட்டுத் தொலைக்காட்சியுடன் இணைக்கப்படும் ‘சுப்பர் பமிகொம்’ என்னும் விளையாட்டுக் கருவியை அந்நிறுவனம் யப்பானில் வெளியிட்டது. அதனுடன் ‘எப்-சீரோ’ என்னும் பந்தய விளையாட்டும் வெளிவந்தது. எதிர்கால ஊர்திகள் மின்னல் வேகத்தில் விரையும் அவ்விளையாட்டில் ஒரு குறை இருந்தது: ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே விளையாட முடியும். இருவர் அருகருகே அமர்ந்து ஆடத்தக்க பந்தயம் ஒன்றை ஆக்கும் முயற்சி அதன்பின் தொடங்கியது. சிகெரு மியமொத்தோ தயாரிப்பாளராகவும், தடாஷி சுகியாமா, ஹிடெகி கொன்னோ ஆகியோர் நெறியாளர்களாகவும் இப்பணியில் ஈடுபட்டனர்.

திரையை இரண்டாகப் பிரித்து இருவேறு காட்சிகளை ஒரே கணத்தில் வரையவேண்டியிருந்தமையால், எப்-சீரோவின் நீண்ட நேர்ப்பாதைகளும் பெருவேகமும் அக்கருவியின் ஆற்றலுக்கு அப்பாற்பட்டனவாயின. எனவே பாதைகள் சுருங்கின, வளைவுகள் பெருகின, அவ்வளைவுகளுக்கு ஏற்ற ஊர்தியாகக் ‘கார்ட்’ எனப்படும் சிறு பந்தய வண்டி வந்தமைந்தது. தொடக்கத்தில் அவ்வண்டியில் அமர்ந்திருந்தவன் தொழிலாளர் உடை அணிந்த பெயரற்ற மனிதனொருவனே. பின்னரே, அந்நிறுவனத்தின் வேறு விளையாட்டுகளால் உலகறிந்த மாரியோ அவ்விடத்தைப் பெற்றான். 1992 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 27 ஆந் திகதி இவ்விளையாட்டு யப்பானில் வெளிவந்தது. இருவர் சேர்ந்து ஆடவேண்டும் என்னும் ஒரு விருப்பமே பாதையின் நீளத்தையும் வண்டியின் வடிவத்தையும் தீர்மானித்தது எனில் மிகையாகாது.

திரையில் ஓடும் நிலம் உண்மையில் ஒரு தட்டையான படம். கருவி அதனைச் சுழற்றியும், கீழ்வரிகளைப் பெருக்கி மேல்வரிகளைச் சுருக்கியும், அடிவானம் வரை விரியும் தரையெனக் கண்ணை மயக்குகின்றது. இதற்குரிய கணிப்புகளை விரைந்து செய்ய, விளையாட்டுப் பேழையினுள்ளேயே தனியொரு சிப் பொருத்தப்பட்டிருந்தது. இப்பாதைகளில் மேடு பள்ளம் இல்லை, குன்றில்லை, சரிவில்லை. தட்டையான அந்நிலத்தில் ஏற்றத்தாழ்வு ஓடுவோரின் திறனில் மட்டுமே இருந்தது.

பாத்திரங்கள் எண்மர். அவர்கள் நான்கு இணைகளாக அமைகின்றனர். மாரியோவும் லுயிஜியும் எல்லாவற்றிலும் நடுத்தரமானவர்கள். இளவரசி பீச்சும் யோஷி என்னும் பிராணியும் விரைந்து வேகம் பெறுபவர்கள். பவுசரும் இளைய டொங்கி கொங்கும் மெல்லத் தொடங்கிப் பெருவேகம் எய்துபவர்கள். ஆமையும் காளான் மனிதனும் வளைவுகளை எளிதிற் கையாள்பவர்கள். ஆகவே வேடம் புனைவது வெறும் அலங்காரமாக நில்லாது, ஆடுவோன் தன் இயல்பைத் தானே மதிப்பிட்டுக்கொள்ளும் செயலாகவும் அமைகின்றது. தன் கை நடுங்கும் என்று அறிந்தவன் காளான் மனிதனைத் தெரிவான். தவறமாட்டேன் என நம்புபவன் பவுசரைத் தெரிவான். கைய்வா கூறிய மூன்றாம் வகையும் நான்காம் வகையும், அதாவது வேடமும் மயக்கமும், இவ்வாறு முதலிலேயே களத்திற் புகுந்துவிடுகின்றன. ஆயினும் இவ்விளையாட்டின் உயிர் முதலிரு வகைகளின் மோதலிலேயே தங்கியுள்ளது.

பாதையிற் பதிந்துள்ள கேள்விக்குறிக் கட்டங்களின்மீது வண்டி ஏறும்போது ஆடுவோனுக்கு ஏதோவொரு பொருள் கிடைக்கும். வழுக்கி விழச்செய்யும் வாழைப்பழத் தோல், நேராகச் செல்லும் பச்சை ஆமையோடு, முன்னே செல்பவனைத் தேடிச் செல்லும் சிவப்பு ஆமையோடு, வேகமூட்டும் காளான், எதனாலும் தீண்டப்படாத நிலையைத் தரும் நட்சத்திரம், ஏனைய எல்லோரையும் சிறுத்துப்போகச் செய்யும் மின்னல் என அவை பலவகைப்படும். எது கிடைக்கும் என்பது குலுக்கலால் முடிவாவது. ஆனால் அக்குலுக்கல் எல்லோருக்கும் ஒரே வகையானதன்று. முன்னே ஓடுபவனுக்கு நாணயமோ பச்சை ஓடோ வாழைத்தோலோ விழும் வாய்ப்பே மிகுதி. பின்தங்க, பின்தங்க, கிடைக்கும் பொருளின் வலிமை கூடுகின்றது. மின்னல் பின்னிலையில் இருப்போர்க்கே உரியது. ஊழ் இங்கே குருடாக இல்லை. அது கண்திறந்து, எவன் கடைசியில் வருகின்றான் என்று பார்த்தே கொடுக்கின்றது.

1996 டிசம்பரில் யப்பானில் வெளிவந்த ‘மாரியோ கார்ட் 64’ இக்கோட்பாட்டை அதன் எல்லைவரை கொண்டு சென்றது. நால்வர் ஒருங்கே ஆடக்கூடிய அவ்விளையாட்டில் முட்கள் கொண்ட நீல ஆமையோடு முதன்முதலிற் தோன்றியது. முதலிடத்தில் இருப்பவனைத் தேடிச் சென்று வீழ்த்துவதே அதன் தொழில். பிழையேதும் செய்யாது வளைவுகளைச் செவ்வனே கடந்து, முடிவுக்கோட்டைக் கண்ணாற் கண்டுவிட்ட ஒருவன், அதே நீல ஓட்டினால் தூக்கியெறியப்பட்டுப் பிறர் தன்னைக் கடந்து செல்வதைப் பார்த்திருக்க நேர்கின்றது. அவன் உள்ளத்தில் எழும் சினத்தை நகைப்புக்குரியதென ஒதுக்கிவிட இயலாது. உழைத்தவனின் பயனை உழையாதவன் பறித்தான் என்பதே அவன் முறைப்பாடு. அரசியல் மேடைகளிலும் ஆய்வு மண்டபங்களிலும் பலகாலும் ஒலித்த முறைப்பாடே இது.

இம்முறைப்பாட்டை முழுமையாக மறுத்தல் அரிது. எனினும் சில கருதத்தக்கன. முதலாவதாக, இவ்விளையாட்டில் திறமை ஒழிக்கப்படவில்லை. ஊழின் பங்கு ஓரோட்டத்தின் முடிவை மாற்றலாம். பல ஓட்டங்களின் கூட்டுத்தொகையில் வல்லவனே பெரும்பாலும் முந்துகின்றான். பிற்காலப் பதிப்புகளில் வாழைத்தோலை எறியாது வண்டியின் பின்னே பற்றிக்கொண்டு, வரும் ஓட்டைத் தடுக்கும் வித்தையை வல்லவர்கள் அறிவார்கள். 2014 இல் வெளிவந்த எட்டாம் பதிப்பில், நீல ஓட்டையே சிதறடிக்கும் ஊதுகுழல் ஒன்றும் சேர்க்கப்பட்டது. ஆகவே ஊழை எதிர்பார்த்து ஆயத்தமாயிருத்தலும் திறமையின் ஒரு கூறாகிவிட்டது.

இரண்டாவதாக, ஒரே தொலைக்காட்சியின் முன் அமர்வோர் ஒரே ஆற்றலுடையோர் அல்லர். பத்து ஆண்டுகள் ஆடிய அண்ணனும் நேற்றுத் தொடங்கிய தங்கையும் அருகருகே அமர்கின்றனர். தூய திறமையின் சட்டம் மட்டும் அங்கு ஆளுமாயின், மூன்றாம் ஓட்டத்தின் பின் தங்கை எழுந்து சென்றுவிடுவாள். அண்ணன் வெற்றியுடன் தனித்திருப்பான். யப்பானியர் போற்றும் ‘கோ’ ஆட்டத்திலும் வல்லவனோடு ஆடும் மெலிந்தவன் இரண்டு முதல் ஒன்பது வரையான கற்களை முன்கூட்டியே பலகையில் வைத்துத் தொடங்கும் மரபுண்டு. அதனை எவரும் அநீதி என்பதில்லை. ஆட்டம் நடைபெறுவதற்கே அது வழிசெய்கின்றது. ஆனால் கோ ஆட்டத்துச் சலுகை ஆட்டத்துக்கு முன்னர், இருவரும் அறிய, வெளிப்படையாக வழங்கப்படுவது. கார்ட் விளையாட்டின் சலுகையோ ஆட்டத்தினூடே, மறைவாக, நிலைமைக்கேற்ப மாறிக்கொண்டிருப்பது. முதலாவதில் மெலிந்தவன் தன் மெலிவை ஒப்புக்கொள்ளல் வேண்டும். இரண்டாவதில் அவன் நாணவேண்டியதில்லை. அதிட்டம் வாய்த்தது என்று சிரித்துக்கொள்ளலாம். இம்மறைவு வல்லவனை ஏமாற்றுகின்றது என்பர் சிலர். மெலிந்தவனின் மானத்தைக் காக்கின்றது என்பதும் உண்மையே.

மூன்றாவதாக, நீதிக்கு உண்மையாக மாறுபட்ட ஒன்றும் முதல் விளையாட்டிலேயே இருந்தது. 1992 ஆம் ஆண்டுப் பதிப்பில், கருவியே செலுத்தும் எதிராளிகள் கேள்விக்குறிக் கட்டங்களின் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்கள் அல்லர். ஒவ்வொருவரும் தமக்கெனத் தனிப்படைக்கலம் உடையவர்கள், அது தீர்வதேயில்லை. பின்தங்கியோனுக்கு உதவும் விதி கடுமையானதாயினும், மனிதர் எவர் கடைசியில் வந்தாலும் ஒரேவகையிற் செல்லுபடியாகும். இன்று முந்தியவனை நாளை அதுவே காக்கும். கருவியின் எதிராளிகள் பெற்றதோ எந்நிலையிலும் மாறாத விலக்கு. சலுகைக்கும் விலக்குரிமைக்கும் உள்ள வேறுபாடு இதனைவிடத் தெளிவாக வேறெங்கும் விளங்குவதில்லை.

இக்கருத்து விளையாட்டறையோடு நின்றுவிடவில்லை. 2021 இல், பொஸ்ரன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் அன்ட்ரூ பெல், நிலைபேறு பற்றிய ஆய்விதழொன்றில், மாரியோ கார்ட்டின் இவ்விதியை முன்மாதிரியாகக் கொண்டு வறிய உழவர்களுக்கான உதவித் திட்டங்களைச் சிந்திக்கலாம் என எழுதினார். முன்னே இருப்போர்க்குச் சிறிதும் பின்னே இருப்போர்க்குப் பெரிதுமாக வளம் செல்லுமாயின் இடைவெளி குறையும் என்பது அதன் சாரம். எதிர்வாதமும் விளையாட்டிலேயே உண்டு. அண்மைக்காலப் பதிப்புகளில், வல்லவர் சிலர் வேண்டுமென்றே பின்தங்கி, வலிய பொருள்களைச் சேர்த்துக்கொண்டு இறுதிச் சுற்றில் பாய்கின்றனர். மெலிந்தோர்க்கென வகுத்த உதவியை வலியோர் வேடமிட்டுக் கைப்பற்றும் இக்கலை எவருக்கும் புதியதன்று. அதற்காக உதவியே வேண்டாமென்று முடிவுகட்டுதல் எலிக்கு அஞ்சி வீட்டைக் கொளுத்துவதை ஒக்கும்.

விளையாட்டுக்கும் வாழ்வுக்கும் இடையே ஒரு பெரும் வேறுபாடுண்டு. முதற் பதிப்பின் ஓட்டம் ஐந்து சுற்றுகளில் முடிகின்றது. மின்னலாற் சிறுத்தவன் சில கணங்களில் தன் உருவைப் பெறுகின்றான். அடுத்த ஓட்டத்தில் எல்லோரும் மீண்டும் கோட்டின் அருகே நிற்கின்றனர். வாழ்விலோ தந்தை பின்தங்கிய இடத்திலிருந்தே மகன் புறப்படுகின்றான். புறப்படும் இடம் ஒன்றாகவே அமைந்த ஓட்டத்திலேயே பின்தங்கியோனுக்கு ஒரு மின்னல் வேண்டியிருக்கின்றது எனின், புறப்படும் இடமே வேறுபட்ட ஓட்டத்தில் அதனை அநீதி என்போர் தம் வாதத்தை இன்னும் ஆழ்ந்து சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளனர்.

திறமைக்குத் தனியிடம் வேண்டுவோர்க்கும் இவ்விளையாட்டு வழி வைத்துள்ளது. எதிராளி எவருமின்றி நேரத்தோடு மட்டும் ஓடும் முறையொன்று தொடக்கம் முதலே உண்டு. அங்கு தன் முந்திய ஓட்டத்தின் நிழலுருவே போட்டியாளன். தன்னைத் தானே வெல்ல விரும்புவோன் அங்கு செல்லலாம். பிறரோடு ஓட விரும்புவோன் பிறருக்குரிய பங்கையும் ஏற்றுக்கொள்ளல் வேண்டும். 2017 இல் வெளிவந்த எட்டாம் பதிப்பின் மறுவடிவம் 6 கோடிக்கும் மேலாக விற்றது. 2025 இல் வந்த ‘மாரியோ கார்ட் வேர்ல்ட்’ இருபத்துநால்வரை ஒரே ஓட்டத்திற் சேர்த்தது. களம் எவ்வளவு விரிந்தபோதும், முன்னோடிக்கு வாழைத்தோலும் கடைசியோனுக்கு மின்னலும் என்னும் நெறி கைவிடப்படவில்லை. ஓட்டம் முடிந்ததும் கடைசியாக வந்தவனே “இன்னுமொரு முறை” என்று முதலிற் கேட்பானாயின், அவ்விதியை வகுத்தோர் தாம் கருதியதை எய்தினர் எனலாம்.