தூத்தூர்த் துறையில் ஒரு வயர்லெஸ் பெட்டி

மார்த்தாண்டத்தில் பேருந்து ஏறி நித்திரவிளை வழியாகக் கடற்கரைக்கு வருவோருக்குக் கடல் முதலில் கண்ணுக்குத் தென்படுவதில்லை, காதுக்கே எட்டுகிறது. தென்னந்தோப்புகளும் நெருங்கிய வீடுகளும் மறைத்து நிற்க, அவற்றின் பின்னாலிருந்து அலையின் இரைச்சல் ஓயாமல் வந்துகொண்டிருக்கும். நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, இரயுமன்துறை என்னும் எட்டு ஊர்கள் இங்கே ஒரே தெருவைப்போல ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கின்றன. அரசாங்கக் கணக்கில் கன்னியாகுமரி மாவட்டம். திருச்சபைக் கணக்கிலோ திருவனந்தபுரம் உயர்மறைமாவட்டம்.

எங்கள் பங்கின் இளைஞர்கள் புயல், வெள்ளக் காலங்களில் உதவும் பொருட்டு வயர்லெஸ் கருவிகள் சில வாங்க எண்ணிப் பணம் திரட்டியிருந்தார்கள். எதை வாங்குவது என்ற கேள்வி எழுந்தபோது, கடைக்காரரிடம் கேட்பதைவிடக் கடலோடியிடம் கேட்பது மேல் என்று எனக்குத் தோன்றிற்று. அதன் பொருட்டே இப்பயணம்.

இவ்வூர் மக்கள் ஆழ்கடலில் தூண்டில் போடுவதில் பேர்பெற்றவர்கள். படகுகளில் பெரும்பாலானவை கொச்சித் துறைமுகத்தை நம்பித் தொழில் செய்கின்றன. புறப்பட்டால் கரை திரும்ப வாரங்கள் ஆகும். நூற்றுக்கணக்கான கடல் மைல் தாண்டிச் செல்வதும் உண்டு. 2017-ஆம் ஆண்டு நவம்பர் 29-ஆம் நாள் இலங்கைக்குத் தென்கிழக்கே உருவான தாழ்வு மண்டலம், மறுநாள் காலையிலேயே குமரிக் கடலில் ஒக்கிப் புயலாக மாறியபோது, அப்படிச் சென்றவர்கள் பலர் கடல்மேல் இருந்தார்கள். கரையில் எச்சரிக்கை வெளியானது. கடலுக்கு அது போய்ச் சேரவில்லை. தமிழகமும் கேரளமும் சேர்ந்து 300-க்கும் மேற்பட்டோரை இழந்தன. திசைமாறிய படகுகள் இலட்சத்தீவிலும் மராட்டியக் கரையிலும் போய் ஒதுங்கின. அந்நாட்களில் இக்கரையில் மின்கம்பங்கள் சாய்ந்து, செல்போன் கோபுரங்களும் ஓய்ந்தன. யார் பிழைத்தார், யார் பிழைக்கவில்லை என்று அறிய வழியின்றி ஆலய வாசல்களில் தாய்மார் காத்திருந்த காட்சியை இப்பக்கத்தார் மறக்கவில்லை.

தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் கட்டியிருந்த ஒரு விசைப்படகில் என்னை ஏற்றிக்கொண்டார் அதன் ஓட்டுநர். அறுபதை நெருங்கியவர். சக்கரம் இருக்கும் சிறு அறையில், தலைக்கு மேலே ஒரு பெட்டி திருகப்பட்டிருந்தது. "இதுதான் சார் வயர்லெஸ். 25 வாட்" என்றார்.

"எவ்வளவு தூரம் பேசலாம்?"

அவர் சிரித்தார். "விற்பவர் ஒரு தூரம் சொல்லுவார். கடல் வேறு தூரம் சொல்லும்."

விளக்கம் கேட்டபின் அந்தச் சிரிப்பின் பொருள் விளங்கிற்று. இக்கருவிகள் வி.எச்.எஃப். அலையில் இயங்குகின்றன. இந்த அலை நேர்கோட்டில் செல்வது, பூமியோ உருண்டை. முட்டத்துக் கலங்கரை விளக்கம் உயரத்தில் நிற்பதால்தானே அதன் ஒளி தொலைவுக்குத் தெரிகிறது? வயர்லெஸுக்கும் அதே நியாயம். வாட்டைக் கூட்டுவதைவிட ஆன்டெனாவை உயர்த்துவதே பயன்தரும். 4 மீட்டர் உயர ஆன்டெனா உடைய இரு படகுகள் ஏறத்தாழ 9 கடல் மைல்வரை பேசிக்கொள்ளலாம். கரையில் 50 மீட்டர் கோபுரம் இருந்தால், அதே படகோடு 20 கடல் மைல் எட்டும். அதற்கப்பால், எத்தனை ஆயிரம் ரூபாய்க்கு வாங்கிய பெட்டியானாலும் ஊமைதான். ஒக்கியின்போது நூறு மைலுக்கு அப்பால் இருந்தவனுக்கு இந்தப் பெட்டியால் கரையோடு பேச வழியே இல்லை.

ஆனால் படகோடு படகு பேசியது. அன்று இரவு தமக்குக் கிடைத்த செய்தி மூன்று படகுகள் வழியாக வந்ததென்றார் அவர். ஒருவர் கேட்டதை அடுத்தவருக்குச் சொல்ல, அவர் தம் எல்லைக்குள் இருந்த மற்றொருவருக்குச் சொல்ல, அப்படி அது நகர்ந்தது. "நாலாவது படகு ஒன்று இருந்தது சார். எங்களுக்கும் அப்பால். நான் கூப்பிட்டேன், பதில் இல்லை. அவர்கள் பாட்டரி நனைந்துவிட்டதோ, தூரம் போய்விட்டார்களோ, தெரியாது." சற்று நேரம் அவர் பேசவில்லை. அப்படகில் அவருடைய மைத்துனர் இருந்தார் என்பதைப் பிறகுதான் அறிந்தேன்.

அதன்பின் அவர் தம் படகில் செய்த மாற்றங்களைக் காட்டினார். முன்பு பாட்டரி எஞ்சினுக்குப் பக்கத்தில், கீழே இருந்ததாம். தண்ணீர் ஏறினால் முதலில் சாவது அதுவே. இப்போது அறையின் உயரத்தில் தனிப் பாட்டரி, அதுவும் வயர்லெஸுக்கு மட்டும். கையில் பிடிக்கும் 5 வாட் கருவி ஒன்றும் இருக்கிறது. நீர் புகாதது, கடலில் விழுந்தாலும் மிதப்பது. படகைவிட்டு இறங்க நேர்ந்தால் அது மார்போடு வரும்.

பேசும் முறையை எனக்குக் கற்பித்தார். பொத்தானை அழுத்தியவுடனே நான் பேசத் தொடங்கினேன், முதற்சொல் அறுந்துபோயிற்று. அழுத்தி, ஒரு விநாடி பொறுத்து, பிறகு பேசவேண்டுமாம். பேசி முடித்தும் பொத்தானை விடாதவன் அந்த வட்டாரத்தையே வாயடைத்துவிடுகிறான். இருக்கைக்கு அடியில் சிக்கிய ஒரு மைக் ஒரு முழு இரவைக் கெடுத்ததும் உண்டென்றார். ஆபத்துக்கு உரியது 16-ஆம் சானல். அதில் பாட்டுப் போடுகிறவர்களை அவர் திட்டிய சொற்களை இங்கே அச்சிட இயலாது. ஆபத்தில் 'மேடே' என மும்முறை கூறி, படகின் பெயர், ஜி.பி.எஸ். காட்டும் இடம், என்ன நேர்ந்தது, எத்தனை பேர் என்பவற்றைச் சொல்லவேண்டும். அயல்நாட்டுக் கப்பலோட்டிக்குத் தமிழ் தெரியாது. அந்த ஒரு சொல் தெரியும்.

கரைவாழ்வோராகிய நமக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள நிறைய உண்டு. கடல் வயர்லெஸை நிலத்தில் பயன்படுத்தச் சட்டம் இடம் தராது. நிலத்துக்குரிய கருவிகள் வேறு, அவற்றிற்கு உரிமம் தேவையா என்பதை வாங்குமுன் விசாரிக்கவேண்டும். விளம்பரத்தில் எழுதிய கிலோமீட்டரை நம்பலாகாது. நெருங்கிய வீடுகளிடையே கைக்கருவி இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு எட்டினால் பெரிது. ஆனால் ஆலயக் கோபுரத்தில் ஒருவர் நின்று, இரு பக்கமும் கேட்டுச் சொல்வாரானால் அதுவே ஒரு நிலையமாகும். மின்சாரம் நாட்கணக்கில் இல்லாதபோது, கடையில் கிடைக்கும் சாதாரணச் செல்களிலும் இயங்கும் கருவியே கைகொடுக்கும். எல்லாம் ஒரே வகையாயின் ஒன்றின் பாட்டரி மற்றொன்றுக்கு உதவும்.

தொலைதூரத்துக்கு வேறு அலை இருக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை அந்தமானைத் தாக்கியபோது, ஐதராபாத்தின் தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத் அம்மையார் குழுவோடு போர்ட் பிளேயரில் இருந்தார். தொலைபேசி இறந்த அந்நாட்களில் அவர்களுடைய ஹாம் வானொலியே தீவின் செய்தியைத் தாய்நாட்டுக்குக் கொண்டு சேர்த்தது. வானவெளியின் மேலடுக்கில் பட்டுத் திரும்பும் அலை அது. அதற்குத் தேர்வெழுதி உரிமம் பெற வேண்டும்; எங்கள் இளைஞரில் இருவராவது எழுதினால் மகிழ்வேன்.

ஆழ்கடலுக்கோ இப்போது இஸ்ரோவின் செயற்கைக்கோள் வழியே இருபுறமும் குறுஞ்செய்தி அனுப்பும் கருவி வந்திருக்கிறது. 1 இலட்சம் படகுகளுக்கு அதை வழங்கும் திட்டம் 2024 ஆகஸ்ட் 30 அன்று பால்கரில் தொடங்கிவைக்கப்பட்டது. அவருடைய படகிலும் ஒன்று இருக்கிறது. "அது வந்தபிறகு இந்தப் பெட்டி எதற்கு?" என்று கேட்டேன்.

"அது கரைக்குச் சொல்லும். பக்கத்துப் படகில் இருக்கிறவன்தான் முதலில் வந்து சேருவான் சார்" என்றார்.

மாலை மங்கிற்று. எங்கோ ஓர் ஆலயத்தில் மூவேளைச் செப மணி அடித்தது. அவர் எழுந்து பெட்டியைத் திறந்து, துறைமுகத்துக்கு வெளியே நின்ற ஒரு படகைப் பெயர் சொல்லி அழைத்தார். இரைச்சலுக்கு நடுவே "கேட்குது அண்ணே, கேட்குது" என்றது ஓர் இளங்குரல். ஒவ்வொரு மாலையும் இப்படி ஒருமுறை அழைத்துப் பார்ப்பதுண்டாம். பின்பு காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, பாட்டரிப் பெட்டியின் மூடிமேல் இருந்த தேதிகளின் கீழே அன்றைய தேதியையும் எழுதினார்.