காவிரித் தீவுக்கு ஒரு நாட்பயணம்

தீவு என்றதும் கடலும் கப்பலுமே பலருக்கு நினைவுக்கு வரும். பெங்களூர்வாழ் தமிழன்பர்களுக்கோ, ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தொலைவிலேயே காவிரியன்னை சமைத்த தீவொன்று இருக்கிறது. அதுவே சிவசமுத்திரம்.

இங்கே ஆறு இரண்டாகப் பிரிந்து, மேற்கே ககனசுக்கி, கிழக்கே பரசுக்கி என்னும் அருவிகளாய் வீழ்ந்து, மீண்டும் ஒன்றுகூடுகிறது. விடியற்காலையில் கட்டுச்சோற்றுடன் கனகபுரம், மளவள்ளி வழியே புறப்பட்டால் முற்பகலில் சேரலாம். முதலில் ககனசுக்கியைக் கண்டு, பின்னர் தீவினுள் மத்தியரங்கரை வணங்கிப் பரசுக்கிக்குச் செல்க. சீரங்கப்பட்டணம் ஆதியரங்கம், நம் திருவரங்கம் அந்தியரங்கம், மூன்றும் காவிரித் தீவுகளே.

1902-ஆம் ஆண்டில் இவ்வருவியின் ஆற்றலால் பிறந்த மின்சாரம் கோலார் தங்கவயலுக்குச் சென்றது. அச்சுரங்கங்களில் உழைத்தவர்களுள் தமிழர் மிகப் பலர். 1905-இல் பெங்களூர் வீதிகளும் அம்மின்சாரத்தால் ஒளிபெற்றன.

கோடையில் சென்றால் பாறைகளையே காண நேரும். ஜூலை முதல் செப்டம்பர் வரை அருவி பொங்கும். ஆபத்தும் அப்போதே மிகுதி. மேலணைகள் திறக்கப்பட்டால் நீர்மட்டம் விரைந்து உயரும். நீரில் இறங்கி உயிரிழந்தோர் உண்டு. ஆதலின் பெற்றோர்களே, குழந்தைகளின் கையை விடாதீர்கள். வேலிக்கு இப்பால் நின்றே கண்டு மகிழுங்கள்.

இந்நீரே ஒகேனக்கல் கடந்து, மேட்டூரில் தங்கி, தஞ்சை வயல்களை அடைகிறது என்பதையும் அவர்களுக்குச் சொல்லுங்கள். பாட்டன் ஊருக்கும் தாம் வாழும் ஊருக்கும் ஓராறே உறவென்பதை அவர்கள் அறியட்டும்.