பிரசங்கத்துக்கு மெட்டு

தவக்காலத்துக்குப் பாட்டுக் கட்டுகிறவனுக்கு முதல் இடைஞ்சல் ஆர்மோனியம்தான். மன்னார்க் கரையில் பெரிய வெள்ளிக்கிழமை ஒப்பாரி பாடுகிற பெண்கள் ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு நேரே போவதில்லை. நடுவில் எங்கோ தரித்து, குரல் நடுங்கி, பிறகுதான் இறங்குவார்கள். அந்தத் தரிப்பிடம் கறுப்புக் கட்டையிலும் இல்லை, வெள்ளைக் கட்டையிலும் இல்லை. பெட்டியை வைத்துக்கொண்டு மெட்டைப் பிடிக்கப் போனால், அது தன்னிடமுள்ள பன்னிரண்டு இடங்களில் ஒன்றைத்தான் தரும். அதை எழுதிப் பாடகர் குழாமுக்குப் பழக்கினால் சுருதி சுத்தமாக இருக்கும். முன்வரிசையில் இருக்கும் கிழவிகளின் கண் மட்டும் கலங்காது.

மன்னார்த் தீவின் பங்குக் கோவில் ஒன்றில் பாடகர் குழாம் நடத்துகிறேன். பூசைக்கும் தவக்காலத்துக்கும் மெட்டுப் போடுகிறேன். ஊரில் எனக்கு மாஸ்ரர் என்று பெயர். இத்தனை காலத்தில் நான் கற்றுக்கொண்டதை ஒரு வரியில் சொல்லலாம்: மெட்டை உண்டாக்குவதற்கு முன்பு, சொல்லுக்குள் ஏற்கெனவே இருக்கிற மெட்டைக் கேட்கப் பழக வேண்டும். சொல்லச் சுலபம். செய்வதற்குத்தான் காலம் போதவில்லை.

எங்கள் காதில் பல இசைகள் ஒன்றாய்க் கிடக்கின்றன. பெரியவர்கள் இலத்தீன் பூசைப் பாட்டைப் பொருள் தெரியாமலே மனப்பாடமாய் வைத்திருந்தார்கள். ஐரோப்பியக் குருக்கள் கொண்டுவந்த நான்கு குரல் பாட்டுகள் இன்னும் பாடப்படுகின்றன. பாக்கு நீரிணைக்கு அப்பாலிருந்து நாடக மெட்டும் சினிமா மெட்டும் வந்துகொண்டே இருந்தன. இவற்றுக்கெல்லாம் அடியில் கூத்து இருக்கிறது. யாழ்ப்பாணப் பாங்கு என்கிற வடபாங்கு, மாதோட்டப் பாங்கு என்கிற தென்பாங்கு என்று இரண்டு வழி. இரவுக்கணக்காய் ஆடும் நாடகத்தை ஓரிரவுக்குச் சுருக்கினால் வாசாப்பு.

1963 டிசம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாடு பற்றிய ஆவணத்தை வெளியிட்டது. மறைபரப்பு நாடுகளில் மக்களின் சொந்த இசை மரபுக்கு உரிய மதிப்புக் கொடுக்க வேண்டும் என்று அதன் 119 ஆம் பிரிவு சொல்கிறது. இலத்தீன் போய்த் தமிழ் வந்தது. ஒரேயடியாய் நிறையப் பாட்டுத் தேவைப்பட்டது. அவசரத்தில் பல இடங்களில் ஐரோப்பிய மெட்டுக்குள் தமிழ்ச் சொல்லைத் திணித்தார்கள். அந்த மெட்டுகளில் அனேகம் பலமில்லாத ஒரு சுரத்தில் எடுத்து, அடுத்த சுரத்தில்தான் அடி விழுகிறவை. தமிழ்ச் சொல்லோ முதல் அசையிலேயே ஊன்றி நிற்கிறது. 'கருணை' என்பதை அப்படிப் பாடினால் 'க' விழுங்கப்பட்டு 'ருணை' மட்டும் கேட்கும். குறிலுக்கு நீண்ட சுரம் கொடுத்தால் பொருளே மாறிவிடும். ஆண்டவரிடம் வரம் கேட்க வேண்டிய இடத்தில் சபை முழுவதும் வாரம் கேட்டுக்கொண்டிருந்ததைக் காதாரக் கேட்டிருக்கிறேன். கச்சேரியில் பாடகர் ஒருவர் சங்கதிக்குள் இதை மறைத்துவிடுவார். இருநூறு பேர் ஒன்றாய்ப் பாடும்போது மறைக்க வழியில்லை.

கூத்துக் கட்டிய புலவர்கள் இந்தச் சிக்கலைப் பாட்டை இரண்டாய்ப் பிரித்துத் தீர்த்துவைத்திருக்கிறார்கள். ஆட்டத்துக்குத் தரு, அங்கே மத்தளம் ஆளும், சொல் அடிக்கு அடங்கிப் போகும். மனத்திலுள்ளதைக் கொட்ட விருத்தம்; அங்கே மத்தளம் வாயை மூடிக்கொள்ளும், சொல் தன் போக்கில் நடக்கும். நெடிலிலும் அடியின் கடைசியிலும் மட்டும் குரலை இழுப்பார்கள். குறிலைத் தொட்டுவிட்டுக் கடந்துபோவார்கள். விருத்தம் பாடிக் கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் ஒருவரிடம் எந்த இடத்தில் எவ்வளவு இழுப்பது என்று கேட்டேன். "தம்பி, சொல்லு சொல்லித் தரும்" என்றார். அதற்கு மேல் விளக்கம் கேட்டால் பாடித்தான் காட்டுவார்.

இதே பிரிவை ஹங்கேரியில் பேலா பார்ட்டோக் கண்டார். 1905, 1906 ஆம் ஆண்டுகளில் அவரும் ஸொல்தான் கொடாயும் கிராமங்களுக்குப் போகத் தொடங்கி, போனோகிராபின் மெழுகு உருளைகளில் குடியானவர் பாட்டுகளைப் பதிந்தார்கள். கேட்டதை ஆராய்ந்த பார்ட்டோக், பேச்சின் போக்கில் தளர்ந்து நடக்கும் பாட்டு ஒரு வகை, ஆட்டத்தின் கண்டிப்பான அடிக்குப் பாடுவது இன்னொரு வகை என்று வகுத்தார். எங்கள் விருத்தமும் தருவும்தான்! படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, பொறாமையும் வந்தது. அங்கே இசையமைப்பாளர்களே தேடிப் போனதால் மெட்டு மிஞ்சியது. இங்கே தேடிப் போனவர்கள் தமிழ் படித்தவர்கள். ஆகவே சொல் மிஞ்சியது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960 களில் 'மன்னார் நாட்டுப் பாடல்கள்', 'மூவிராசாக்கள் நாடகம்', 'ஞானசவுந்தரி நாடகம்' முதலியவற்றை அச்சேற்றியிராவிட்டால் ஏட்டிலும் கொப்பியிலும் கிடந்தவற்றில் பாதிகூட இன்று இராது. 1990 இல் போரால் மன்னார் இடம்பெயர்ந்தபோது வீட்டுக் கூரையோடு கொப்பிகளும் போயின. அச்சான புத்தகம் எங்கோ ஒரு நூலகத்தில் இருந்தது. ஆனால் அந்தப் பக்கங்களில் பாட்டின் தலையில் விருத்தம், தரு, கொச்சகம் என்று இருக்குமே தவிர, எப்படிப் பாடுவது என்று இராது. அது அண்ணாவியாரின் வாயில் இருந்தது. வாய் மூடினால் புத்தகமும் பாதி ஊமை.

பார்ட்டோக்குக்குப் பின் வந்தவர்களில் நான் நெருங்கிப் போனது ஜியோர்ஜ் குர்த்தாக்கிடம். 1926 இல் ருமேனியாவின் லூகோஜ் என்ற ஊரில், ஹங்கேரிய மொழி பேசும் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். பார்ட்டோக் அமெரிக்காவிலிருந்து திரும்பி வருவார், அவரிடம் படிக்கலாம் என்று எண்ணி 1945 செப்டெம்பரில் புடாபெஸ்ட் இசைக் கல்லூரியின் நுழைவுத் தேர்வுக்குப் போனார். கல்லூரியில் கறுப்புக் கொடி பறந்தது. நியூயோர்க்கில் பார்ட்டோக் இறந்த செய்தி வந்திருந்தது. 1956 ஹங்கேரிய எழுச்சி நசுக்கப்பட்ட அடுத்த வருடம் பாரிசுக்குப் போனார். அங்கே மனம் முடங்கி ஒன்றும் எழுத முடியாமல் இருந்தவரிடம், மரியான் ஸ்ரைன் என்ற உளவியலாளர் இரண்டு சுரங்களை இணைப்பதிலிருந்து தொடங்கச் சொன்னார். அங்கிருந்து எழுந்து 1959 இல் நான்கு கம்பி வாத்தியங்களுக்கு ஒரு படைப்பு எழுதினார். அதற்கு முன்பு எழுதியவற்றைக் கணக்கில் விட்டுவிட்டு அதற்கே முதல் இலக்கம் கொடுத்தார். அப்போது வயது 33.

அவருடைய ஏழாம் இலக்கப் படைப்புத்தான் என் வேலையைத் திருப்பிப் போட்டது. 16 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பீட்டர் போர்னெமிஸா என்ற லூத்தரன் பிரசங்கியாரின் உரைநடையை எடுத்து, ஒரு பெண் குரலுக்கும் பியானோவுக்கும் அமைத்தார். அறிக்கை, பாவம், சாவு, வசந்தம் என்று நான்கு பகுதி. 1963 இல் தொடங்கியது 1968 இல் முடிந்தது. பிரசங்கம் செய்யுள் அல்ல. எதுகை இல்லை, அளவான அடி இல்லை, திரும்பி வரும் பல்லவி இல்லை. மெட்டுக்கு ஏற்ற பிடி ஒன்றையும் அது தராது. அப்படிப்பட்ட வாசகத்தை ஒருவர் ஐந்து வருடம் வைத்துப் பாடுபட்டிருக்கிறார் என்றதும் எனக்கு எங்கள் வியாகுலப் பிரசங்கம்தான் நினைவுக்கு வந்தது.

அதை எழுதியவர் யாக்கோமே கொன்சால்வேஸ் சுவாமி. கோவாவில் 1676 இல் பிறந்து, 1705 இல் இலங்கைக்கு வந்து, ஒல்லாந்தர் கத்தோலிக்கரை ஒடுக்கிய காலத்தில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் குவித்து, 1742 இல் இங்கேயே இறந்தவர். யேசுவின் பாடுகளைச் சொல்லும் அந்த நூலை எங்கள் ஊர்களில் தவக்காலத்தில் இராகமெடுத்து வாசிப்பார்கள். பேசாலையில் சுரூபங்களை அசைத்துக் காட்டும் உடக்குப் பாஸ் போன்றவையும் அதே உலகத்தைச் சேர்ந்தவை. வாசிக்கிறவருக்கு எழுதிவைத்த மெட்டு இல்லை. ஒரு தங்குசுரம் உண்டு; அதில் நின்று சொல்லிக்கொண்டே போவார். கேள்வி வந்தால் குரல் ஏறும். விளி வந்தால் உடையும். வசனம் முடிகிற இடத்தில் மெல்ல வளைந்து இறங்கும். மூச்சு முடிகிற இடமும் பொருள் முடிகிற இடமும் ஒன்றாய் விழும். இவ்வளவு நுட்பத்தையும் பள்ளிக்கூடம் பாதியில் விட்ட ஒரு கடற்தொழிலாளி தவறாமல் செய்வார்.

இந்த வாசிப்பை நான் பாடகர் குழாமுக்கு எழுதிய விதம் இது. வாசிப்பவரை வாசிப்பவராகவே விட்டேன். அவருக்கு மெட்டு எழுதவில்லை. குழாமின் ஆண்கள் தங்குசுரத்தையும் அதன் ஐந்தாம் சுரத்தையும் வாய்மூடிப் பிடிப்பார்கள். வாசிப்பவர் விளியில் உடையும்போது பெண்கள் அந்த உடைவை அப்படியே வாங்கி, ஆளுக்கொரு நேரத்தில் இறங்குவார்கள். அடி இல்லை, தாளம் இல்லை. "மாஸ்ரர், இதில ஒண்டு எங்க விழுது?" என்று இளசுகள் கேட்பார்கள். எங்கும் விழாது, அவருடைய மூச்சைப் பார் என்பேன். ஆர்மோனியம் ஆரம்பத்தில் சுருதி கொடுத்துவிட்டு மூடப்படும்.

எழுதுவதற்கு முறை கிடைத்ததும் குர்த்தாக்கிடமிருந்துதான். 1973 முதல் அவர் சிறுவர்களுக்காகப் பியானோச் சிறு துண்டுகள் எழுதத் தொடங்கினார். 'விளையாட்டுகள்' என்று தொகுதி தொகுதியாய் வளர்ந்தது. முதல் தொகுதிகளில் பிள்ளைகள் உள்ளங்கையாலும் முழங்கையாலும் கட்டைகளை அமுக்கலாம், இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு வழுக்கலாம். பல இடங்களில் சுரத்தின் நீளத்தைக் கணக்கிட்டுச் சொல்லாமல் நெடிது, குறிது, மிகக் குறிது என்று மட்டும் குறி போட்டிருப்பார். தமிழ் நெடுங்கணக்குப் படித்தவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? சட்டக்கோடுகளைக் கைவிட்டேன். நெடிலுக்கு வெற்றுப் புள்ளி, குறிலுக்கு நிறைந்த புள்ளி, மூச்சுக்கு ஒரு வெட்டு. சுரம் நடுவில் தரிக்கும் இடத்துக்கு அம்புக்குறி. மேற்கத்திய இசை படியாத பெண்களும் ஒரு மாலைக்குள் அதை வாசித்துவிடுகிறார்கள்.

ஒத்திகை இன்னொரு பாடு. தவக்காலம் விழுவது மாசி, பங்குனி, சித்திரையில். வாடைக் காற்று ஓய்ந்து, கச்சான் காற்றுப் பிடிக்காத இடைக்காலம். வடகடலும் தென்கடலும் அமைதியாய்க் கிடக்கும் அருமையான தொழில் நாட்கள். தாழ்ந்த குரல் வேண்டிய நேரத்தில் தாழ்ந்த குரலெல்லாம் வள்ளத்தில் இருக்கும். சனி இரவும் ஞாயிறும்தான் எனக்குக் கிடைக்கும். அதனால் ஒரு தீர்மானம் எடுத்தேன்: பாட்டை முழுதாய்ப் பழக்குவதில்லை. ஓர் இறக்கம், அதன் இரண்டு சுரம், நடுவிலுள்ள தரிப்பு. அது சரியாகும்வரை அடுத்ததுக்குப் போவதில்லை. குர்த்தாக் புடாபெஸ்ட் கல்லூரியில் பல்லாண்டு கற்பித்தவர். ஆனால் இசையமைப்பைக் கற்பிக்கவில்லை. வாசிப்பதையே கற்பித்தார். ஒத்திகையில் இரண்டு மூன்று சுரங்களிலேயே நெடுநேரம் நின்றுவிடுவார் என்று அவருடைய மாணவர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். அண்ணாவியார்களும் அப்படித்தான். கொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, முதல் வரவுப் பாட்டு வாயில் ஏறும்வரை இரண்டாவதைத் திறக்கமாட்டார்கள்.

குர்த்தாக்கும் மனைவி மார்த்தாவும் மேடையில் நிமிர்ந்த சுவர்ப் பியானோ ஒன்றில், ஒலியை அடக்கும் மிதியை வைத்தபடி, பக்கத்தில் பக்கத்தில் இருந்து வாசிக்கும் காணொளி யூடியூப்பில் கிடைக்கிறது. பெரிய அரங்கு, சிறிய ஒலி. சனம் காதைத் தீட்டிக்கொண்டு இருக்கிறது. எங்கள் கோவில்களில் இப்போது நடப்பது எதிர்மாறு. திருவிழாக் கணக்கில் முதல் செலவு ஒலிபெருக்கி. மைக்கின் முன்னால் ஒப்பாரி பாடுகிற பெண் தன் குரலையே கேட்கமாட்டாள். கேட்காதவளால் நடுவில் தரிக்க முடியாது. பெரிய வெள்ளிக்கு மட்டுமாவது மைக்கை நிறுத்துங்கள் என்று சபை மூப்பர்களிடம் வாதாடியிருக்கிறேன். சில வருடம் கேட்டார்கள், சில வருடம் கேட்கவில்லை.

குர்த்தாக் தன் முதல் ஓபராவை மிலான் நகரின் லா ஸ்காலாவில் அரங்கேற்றியது 2018 நவம்பரில், 92 ஆவது வயதில். அதற்கு ஆதாரமான சாமுவேல் பெக்கெட்டின் நாடகத்தை அவர் பாரிசில் பார்த்தது 1957 இல். பொறுமைக்கு உதாரணமாய் இதை எல்லாரும் சொல்வார்கள். எனக்கு இதில் தெரிவது வேறு: மற்றவர் எழுதிய சொல்லை அறுபது வருடம் காதில் வைத்திருந்து, அதன் பேச்சு எங்கே ஏறுகிறது எங்கே இறங்குகிறது என்று தெரிந்த பிறகே சுரம் போட்டிருக்கிறார். மன்னாரில் இருந்துகொண்டு நாங்களும் செய்யக்கூடிய காரியம் அது. இசைக் கல்லூரியோ வாத்தியக் குழுவோ அதற்குத் தேவையில்லை.

இப்போது வித்தியானந்தன் பதிப்புகளில் ஒன்றை மேசையில் வைத்து, அதில் எங்கள் பக்கத்தில் இன்னும் பாடப்படுகிற விருத்தங்களுக்கு மட்டும் வெற்றுப் புள்ளியும் நிறைந்த புள்ளியும் போட்டு வருகிறேன். பாடுகிறவரைத் தொலைபேசியில் பதிந்து, அவர் முன்னாலேயே எழுதி, எழுதியதைத் திரும்பப் பாடிக் காட்டி, அவர் தலையாட்டினால்தான் அடுத்த பாட்டு. கீபோட் கற்க வரும் பிள்ளைகளுக்கும் இதில் பங்கு கொடுக்கிறேன். ஆளுக்கொரு விருத்தம், வீட்டிலோ அயலிலோ உள்ள ஒரு பெரியவரிடம். சொந்தமாய் மெட்டுப் போட ஆசைப்படுகிறவர்கள் முதலில் சலித்துக்கொள்வார்கள். ஒன்றை ஒழுங்காய் எழுதி முடித்தவர்கள் யாரும், அதன்பின் வரம் கேட்கிற பாட்டில் வாரம் கேட்டதில்லை.